தலை எண்ணும் கடலுக்கு லைவ்அபோர்ட் பயணம்: மட்டக்களப்பு, அம்பாறை சுழியோடிகளுக்கு ஒரு வழிகாட்டி

பாசிக்குடாவில் சுழியோடப் பழகி, அங்கே மூழ்கிக் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலை இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது லைவ்அபோர்ட் பற்றித்தான். நாலைந்து நாள் படகிலேயே சாப்பிட்டு, படுத்து, நாளுக்கு மூன்று நாலு தடவை இறங்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் நல்ல கடலில் பல இடம் இப்போது பாதுகாக்கப்பட்ட பூங்கா. நாளுக்கு இத்தனை பேர்தான் என்று தலை எண்ணி விடுகிறார்கள். படகில் கட்டில் இருந்தால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. பூங்காவுக்குள் போகும் பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்கவேண்டும்.

அந்தப் பட்டியலை முதலில் உறுதி செய்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் அடுக்குங்கள். காசும் தப்பும், லீவும் தப்பும். முகவர்கள் இந்த வரிசையில் சொல்லித் தருவதில்லை. அவர்களுக்கு முற்பணம்தான் முதலில் வரவேண்டும்.

இதில் முக்கியமாகப் பேசுவது இரண்டு இடங்களைப் பற்றி: தாய்லாந்தின் சிமிலன் தீவுகள், மாலைதீவு. இரண்டும் நமக்குக் கிட்ட, விசாத் தொல்லையும் குறைவு.

1. கடல் திறக்கும் மாதத்தைப் பிடியுங்கள்

சிமிலன் பூங்கா ஒக்டோபர் 15-இல் திறந்து மே 15-இல் மூடும். மே 16 முதல் ஒக்டோபர் 14 வரை ஒரு படகும் உள்ளே போகாது. இது நமக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. நம் கரையில் சுழியோட்டம் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பரோடு முடிகிறது. வாடை தொடங்கினால் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடல் கலங்கிவிடும். நாம் சிலிண்டரைக் கழுவி வைக்கும் நேரத்தில் அங்கே கதவு திறக்கிறது.

மாலைதீவு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் மண்டா எனப்படும் கொம்புத் திருக்கைகள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மே முதல் நவம்பர் வரைதான் பருவம். இது நம் பருவத்தோடு மோதும். டைவ் கடையில் வேலை செய்கிற சுழியோடி என்றால் ஒக்டோபரைக் குறிவையுங்கள்.

பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா கடற்பூங்காவையும் பலர் கேட்கிறார்கள். அது நடுக்கடலில், புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லைவ்அபோர்ட் தவிர வேறு வழியில்லை. அதுவும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மட்டும். நமக்கு விசாவும் எடுக்கவேண்டும். முதல் பயணத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

2. எதற்கு வரம்பு, யாருக்கு வரம்பு என்று பாருங்கள்

ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். வரம்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை.

சிமிலனில் 2018 ஒக்டோபர் முதல் நாளொன்றுக்கு 3,325 பகல் பயணிகள், 525 சுழியோடிகள் என்று எல்லை போட்டார்கள். தீவில் இரவு தங்குவதையும் அப்போதே நிறுத்தினார்கள். விளைவு என்ன? கரையிலிருந்து விசைப்படகில் போகிறவர் பூங்காவுக்குள் வந்து சேரவே காலை முற்றிவிடும். சூரியன் ஏறுமுன் தண்ணீரில் இருக்க விரும்புகிறவருக்கு லைவ்அபோர்ட்தான் மிச்சம். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியதால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சீனப் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான் நாட்களில் இடம் பல மாதம் முன்பே முடிகிறது. நமது சித்திரைப் புத்தாண்டு லீவும் அதே சொங்க்ரான் வாரம்தான், கவனம். கிழமை நாளில் புறப்பட்டு கிழமை நாளில் திரும்பும் படகாகப் பாருங்கள். ஜனவரி கடைசி, மார்ச் முதல் பாதி நல்லது.

இன்னொன்று. பெரும்பாலான சிமிலன் படகுகள் ரிச்சலியூ பாறைக்கும் போகும். அது சுரின் என்ற வேறு பூங்காவுக்குள் இருக்கிறது. அதற்கு வேறு கட்டணம். படகுக்காரரின் அட்டவணையில் பெயர் இருப்பதால் உள்ளே போவது உறுதி என்று நினைக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

மாலைதீவில் கணக்கு வேறு மாதிரி. நாட்டுக்கு நுழைய வரம்பில்லை, குறிப்பிட்ட இடத்துக்கு வரம்பு. ஹனிஃபாருவில் ஒரே நேரத்தில் 80 பேர்தான் தண்ணீரில் இருக்கலாம், ஒரு தடவைக்கு 45 நிமிடம். அதைவிட முக்கியம், அங்கே சிலிண்டர் கட்டி இறங்கவே முடியாது. மாஸ்க், ஸ்நோர்க்கல், துடுப்பு, அவ்வளவுதான். உங்கள் பெரிய படகு வெளியே நிற்கும். சிறிய தோணியில் ஏற்றி, அனுமதி பெற்ற வழிகாட்டியோடு கொண்டுபோவார்கள். 'மண்டா டைவ்' என்று விளம்பரம் போட்டு ஹனிஃபாரு படத்தை ஒட்டியிருந்தால் அந்த முகவரோடு பேசவே வேண்டாம்.

கூட்டம் கூடும் நாளில் உங்கள் முறை வர இரண்டு மணி நேரம் வெயிலில் தோணியில் காத்திருக்க நேரலாம். அந்த இரண்டு மணி நேரம் ஒரு டைவை விழுங்கிவிடும். 'நாளுக்கு மூன்று டைவ்' என்று எழுதியிருந்தாலும் ஹனிஃபாரு நாளில் இரண்டு என்றே கணக்குப் போடுங்கள். வரம்பு வந்த பிறகு பயண நிரல் எல்லாமே இப்படித்தான் மாறியிருக்கிறது: பெயர் பெற்ற இடத்தில் நேரம் குறைவு, பெயரில்லாத பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) நேரம் அதிகம். என்னைக் கேட்டால் அது நட்டமில்லை. பெயரில்லாத பாரில் உங்கள் குழுவைத் தவிர வேறு துடுப்பு கண்ணில் படாது.

3. கடவுச்சீட்டும் உங்கள் பெயரும்

கடவுச்சீட்டு பயணம் தொடங்கும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்கட்டும். இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாதது பெயர்ப் பிரச்சினை.

நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, இருபது எழுத்துக்கு மேல், குடும்பப் பெயர் இடத்தில் நிற்கும். சுழியோட்டச் சான்றிதழ் எடுக்கும்போது கடையில் அவசரத்தில் ஒரு முன்னெழுத்தும் கூப்பிடும் பெயரும் மட்டும் தட்டியிருப்பார்கள். விமான ரிக்கெட்டில் இடம் போதாமல் தகப்பன் பெயரின் வால் வெட்டப்பட்டிருக்கும். மூன்று தாளில் மூன்று ஆள். விமான நிலையத்தில் சமாளித்துவிடலாம். பூங்காவுக்குக் கொடுக்கும் பயணிகள் பட்டியலும் சான்றிதழும் ஒத்துப்போகாவிட்டால் படகுக்காரர் தயங்குவார்.

செய்யவேண்டியது: சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை அனுப்பி, பெயரை அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்றச் சொல்லுங்கள். சில வாரம் எடுக்கலாம், சிறு கட்டணமும் வரலாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கத்தில் முஹம்மத் என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக் கூட்டல் இருக்கிறது; அங்கே உள்ளவர்கள் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

4. லொக் புத்தகத்தில் (டைவ் பதிவேட்டில்) முத்திரை

எத்தனை டைவ் செய்தீர்கள் என்று வாயால் சொன்னால் இப்போது எடுபடாது. சிமிலன் பக்கத்தில் நீரோட்டம் உள்ள இடங்களுக்கு அடிப்படைச் சான்றிதழுக்கு அடுத்த படியான அட்வான்ஸ்ட் சான்றிதழ் கேட்கும் படகுகள் அதிகம். தாய்லாந்தில் 2025-இல் வந்த விதிப்படி தண்ணீருக்குக் கீழே கமரா கொண்டுபோகிறவரும் தகுதி காட்டவேண்டும்: அட்வான்ஸ்ட் சான்றிதழ், இல்லையென்றால் 40 டைவ். கைக்குள் அடங்கும் சிறிய கமராவானாலும் கமராதான்.

நம் கரையில் உள்ள சிக்கல் இது. பாசிக்குடாவில் கடை நடத்துகிறவர்கள் பலர் பருவம் முடிந்ததும் ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். நவம்பரில் போய்க் கதவைத் தட்டினால் பூட்டுத்தான் இருக்கும். ஆகவே செப்டெம்பர் முடியுமுன் உட்கார்ந்து, ஒவ்வொரு டைவுக்கும் திகதி, ஆழம், நேரம் எழுதி, பயிற்றுநரின் கையொப்பமும் கடை முத்திரையும் வாங்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்கியவர்கள் அதைப் பெருமையாக முதல் பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். அந்தக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்ட எல்லையே 40 மீட்டர்தான். அந்த எல்லைக்குக் கீழே போவதற்கான டெக்னிக்கல் சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தப் பதிவைக் காட்டினால் வழிகாட்டி உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார். மாலைதீவில் சட்டமே 30 மீட்டர். அதற்குக் கீழே போகிறவரை அடுத்த டைவில் விடமாட்டார்கள்.

5. மருத்துவப் படிவம்

எல்லாப் படகும் ஒரு கேள்விப் படிவம் தரும். அதில் ஒரு கேள்விக்காவது ஆம் என்று வந்தால் வைத்தியர் கையொப்பம் வேண்டிவரலாம். இழுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், காது அறுவைச் சிகிச்சை எல்லாம் இதில் வரும். நடுக்கடலில் வைத்தியரை எங்கே தேடுவது? படிவத்தை இங்கேயே அச்சிட்டு நிரப்புங்கள். அதோடு வைத்தியருக்கென்று உள்ள விளக்கப் பக்கங்களையும் அச்சிட்டுக் கொண்டு போங்கள். சுழியோடிகளைப் பார்த்துப் பழகாத வைத்தியர் "இது எனக்குத் தெரியாத விசயம்" என்று திருப்பி அனுப்பாமல் இருக்க அந்தப் பக்கங்கள்தான் உதவும். கையொப்பத்தோடு பதிவிலக்கம் உள்ள முத்திரையும் இருக்கவேண்டும். இல்லை என்று பொய்யாக எழுதிவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபத்து நடந்தால் காப்புறுதி முதலில் பார்ப்பது அந்தப் படிவத்தைத்தான்.

6. முற்பணத்துக்கு முன்னால் கேட்கவேண்டியது

வட்ஸ்அப்பில் பேசி முடித்துவிடாதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். எனக்குப் பழக்கமான கேள்விகள் இவை:

"என் பெயர் பூங்காவுக்குக் கொடுக்கும் பட்டியலில் எப்போது சேரும்? அன்றைய இடம் முடிந்துவிட்டால் திகதி மாற்றுவீர்களா, காசு தருவீர்களா? பூங்காக் கட்டணம் விலைக்குள் அடக்கமா? எந்தெந்தப் பூங்கா? காலநிலையால் பூங்கா மூடினால் எங்கே கொண்டுபோவீர்கள்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?"

ஒரு தடவை எனக்கு ஒரு முகவர் கட்டில் இருக்கிறது என்று முற்பணம் வாங்கி, மூன்று வாரம் கழித்து, அன்றைக்குப் பூங்காவில் இடமில்லை, வேறு பார்களுக்குப் போவோம் என்றார். விலை அதேதான். ஒப்பந்தத்தில் 'நிரல் மாறலாம்' என்ற ஒற்றை வரி அவருக்குப் போதுமாக இருந்தது. காசில் பாதிதான் திரும்பியது, அதற்கும் இரண்டு மாதம் இழுத்தார். அந்த ஒற்றை வரியைத் தேடிப் பாருங்கள். 'பூங்கா அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல படகுக்காரர் சேர்ப்பார். மறுப்பவரை விடுங்கள்.

நண்பனுக்காக இடம் பிடித்துவிட்டு பிறகு ஆளை மாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். பட்டியல் கடவுச்சீட்டு இலக்கத்தோடு போகிறது. ஆள் மாறினால் புதிதாகப் பதியவேண்டும், நாள் நெருங்கினால் அது நடக்காது.

7. காசுக் கணக்கு

விளம்பரத்தில் வருவது படகின் விலை மட்டும். சிமிலனில் நான்கு நாள் பயணம் வழக்கமாக 25,000 பாத்துக்கு மேல் தொடங்கும். மாலைதீவில் ஒரு வாரம் 1,200 டொலரிலிருந்து 2,500 டொலர் வரை படகைப் பொறுத்து ஏறும். அதற்கு மேல் வருவன:

சிமிலனில் வெளிநாட்டவருக்கு நுழைவு 500 பாத், சுழியோடும் ஒவ்வொரு நாளுக்கும் 200 பாத். சுரின் பூங்காவுக்கும் வேறாக அறவிடுவார்கள். பல படகுகள் இதைப் படகில் ஏறியதும் காசாகக் கேட்கும், அட்டை எடுக்காது. மாலைதீவில் 2025 முதல் சஃபாரிப் படகுக்கு (லைவ்அபோர்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டொலர். ஏழு நாளைக்கு 84 டொலர். இதற்கும் மேல் பொருள் சேவை வரி, ஹனிஃபாரு நுழைவு, கருவி வாடகை, நைட்ரொக்ஸ் (ஒட்சிசன் கூட்டிய சிலிண்டர் காற்று). படகுப் பணியாளருக்கு விலையில் பத்து வீதம் அளவில் கொடுப்பது வழக்கம். அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் போனால் கடைசி நாளில் முகம் சுருங்கும்.

வெளிநாட்டுக்கு அட்டையில் கட்டினால் வங்கி தன் கட்டணத்தையும் முத்திரை வரியையும் சேர்க்கும். அட்டைக்கு அட்டை இது வேறுபடும், முன்கூட்டியே கிளையில் கேளுங்கள். வங்கி வழியாக அனுப்புவதென்றால் படகுக்காரரின் விலைப்பட்டியல், கடவுச்சீட்டுப் பிரதி இரண்டும் கேட்பார்கள். டொலர் நோட்டு வாங்கும்போது கடவுச்சீட்டும் ரிக்கெட்டும் கையில் இருக்கட்டும். புதிய, கிழியாத, எழுத்தில்லாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

காப்புறுதி பற்றி ஒரு வார்த்தை. சாதாரணப் பயணக் காப்புறுதியில் சுழியோட்டம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். டான் (DAN) போன்ற சுழியோடிகளுக்கான காப்புறுதியை எடுங்கள். சுழியோட்ட அமுக்க நோய்க்குச் செய்யும் அமுக்க அறைச் சிகிச்சைக்கு நீங்களே கட்டவேண்டி வந்தால் படகின் விலையைப்போல் பல மடங்கு போகும்.

8. ரிக்கெட், விசா, வருகைப் படிவம்

ரிக்கெட் கடைசியில்தான். பூங்காப் பட்டியல் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகு எடுங்கள்.

மாலைதீவுக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். திரும்பும் ரிக்கெட்டும் படகின் உறுதிக் கடிதமும் காட்டவேண்டும். 'இமுகா' என்ற இணைய வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்புங்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் விசா தேவையில்லாத நாடுகளில் இலங்கையையும் சேர்த்தது. விசாவும் தங்கும் நாட்களும் பற்றிய விதி மாறக்கூடியது என்பதால் ரிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே முதல் அங்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். இரண்டு படிவமும் இலவசம். தேடினால் முதலில் வரும் பக்கங்களில் பணம் கேட்கும் போலிகள் இருக்கின்றன.

சிமிலன் படகுகள் காவோ லக் அருகே தப் லமு துறையிலிருந்து பெரும்பாலும் மாலையில் புறப்படும். அன்றைக்கே புக்கெட்டில் இறங்கும் விமானத்தை எடுக்காதீர்கள். முதல் நாளே போய்ச் சேருங்கள். படகு யாருக்கும் காத்திருக்காது. மட்டக்களப்பிலிருந்து மீனகயாவில் போகிறவர்கள் ரயில் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அக்கரைப்பற்று, கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவது நல்லது.

9. பையில் என்ன, என்ன இல்லை

தாய்லாந்துப் பூங்காக்களில் 2021 முதல் முருகைக்கற்களைக் கெடுக்கும் நான்கு இரசாயனம் உள்ள வெயில் கிறீம் தடை. தண்டப்பணம் ஒரு இலட்சம் பாத் வரை போகும். பெட்டியின் பின்பக்கத்தில் ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்று இருந்தால் வீட்டிலேயே வையுங்கள். நீளக்கைச் சட்டை போதும். கையுறையும் வேண்டாம், பிடித்துக்கொள்ள ஒன்றையும் தொடக்கூடாது என்பதால் பல பூங்காவில் அதற்கு அனுமதியில்லை. வேப் (மின் சிகரெட்) கருவி இரண்டு நாட்டிலும் தடை. மாலைதீவுக்கு மதுப் போத்தல் கொண்டுபோனால் சுங்கத்தில் எடுத்துவைப்பார்கள்.

கட்டாயம் வேண்டியது உங்கள் சொந்த மாஸ்க், டைவ் கொம்பியூட்டர், மேலே ஊதி விடும் செம்மஞ்சள் மிதவை. நீரோட்டத்தில் குழுவை விட்டு விலகினால் படகுக்காரர் கண்ணில் படுவது அந்த மிதவை மட்டுமே. நம் கடலில் இதைப் பயன்படுத்திப் பழகாதவர்கள் பாசிக்குடாவில் ஆறேழு மீட்டரில் நின்று நாலைந்து தடவை விட்டுப் பாருங்கள். பழக்கமில்லாவிட்டால் கயிறு கையில் சிக்கி ஆளையே மேலே இழுக்கும்.

சாப்பாடு: தாய்ப் படகில் பன்றி இறைச்சி சாதாரணம். ஹலால், சைவம் எதுவானாலும் முற்பணம் கட்டும்போதே எழுதிவிடுங்கள். ஏறிய பிறகு சொன்னால் ஐந்து நாளும் முட்டையும் சோறும்தான்.

10. படகில் முதல் நாள்

முதல் டைவ் சோதனை டைவ். மாலைதீவில் இது கட்டாயம். மிதப்பைச் சமாளிக்கிறீர்களா, முருகைக்கல்லில் துடுப்பு படுகிறதா என்று வழிகாட்டி பார்ப்பார். அங்கே தடுமாறினால் நீரோட்டம் உள்ள இடங்களில் உங்களைப் படகிலேயே இருக்கச் சொல்லலாம். கட்டிய காசு திரும்பாது. ஆகவே பல மாதம் இறங்காமல் இருந்தவர்கள் கிளம்பு முன் ஏதாவது ஒரு கரையில் ஓர் இறக்கம் போட்டுவிட்டுப் போங்கள். நம் பக்கம் கலங்கியிருந்தால் தெற்குப் பக்கம் போகலாம்.

11. திரும்பும் நாள்

பல நாள், பல டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் படகு காலையோடு டைவை நிறுத்துவது இதனால்தான். 'இன்னும் ஒன்று' என்று கெஞ்சி அன்று இரவே பறக்காதீர்கள்.

இறங்குமுன் மூன்று தாள் வாங்குங்கள்: பூங்காக் கட்டணப் பற்றுச்சீட்டு, லொக் புத்தகத்தில் முத்திரை, காலநிலையாலோ அனுமதியாலோ ஏதாவது இடம் விடுபட்டிருந்தால் அதைச் சொல்லும் ஒரு கடிதம். முகவரிடமோ காப்புறுதியிடமோ பணம் கேட்க அந்தக் கடிதம் வேண்டும், கரைக்கு வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டால் வராது. கப்டன் கையொப்பமும் திகதியும் இருந்தால் போதும், கடிதம் இரண்டே வரியானாலும் சரி.